பூஞ்சை திரும்பத் திரும்ப வருகிறதா? முதலில் தண்ணீர் வரும் வழியைத் தேடுங்கள்

உங்கள் கேள்வி இதுதான். படுக்கையறையின் மேல் மூலையிலும் துணி அலமாரிக்குப் பின்னால் உள்ள சுவரிலும் கரும்புள்ளிகள் படர்கின்றன. ப்ளீச் போட்டுத் துடைத்தீர்கள், பூஞ்சை எதிர்ப்பு பெயின்ட் அடித்தீர்கள், சில மாதங்களில் அதே இடத்தில் மறுபடியும் வந்துவிட்டது. கூடத்தில் வேறொரு சுவரின் அடிப்பகுதியில் மட்டும் பெயின்ட் கொப்பளித்து, பூச்சு மாவாக உதிர்கிறது. இதற்கு எந்த பெயின்ட், எந்த மருந்து நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள்.

இப்போதைக்கு எந்த பெயின்டும் வேண்டாம். நீங்கள் சொல்லும் அடையாளங்களை வைத்துப் பார்த்தால், உங்கள் வீட்டில் இருப்பது ஒரு பிரச்சினை அல்ல, இரண்டு. படுக்கையறைக்கு வரும் ஈரம் காற்றிலிருந்து வருகிறது. கூடத்துச் சுவருக்கு வரும் ஈரம் பெரும்பாலும் தரையிலிருந்தோ வெளியிலிருந்தோ வருகிறது. ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் மற்றொன்றுக்கு உதவாது, சில சமயம் கெடுதலும் செய்யும். எனவே கடைக்குப் போவதற்கு முன் ஈரம் எந்த வழியாக வருகிறது என்பதைக் கண்டுபிடியுங்கள். அதைக் கண்டுபிடித்துவிட்டால் மீதி வேலை எளிது.

பூஞ்சை வளர நான்கு வேண்டும்: நுண்வித்து, உணவு, மிதமான வெப்பம், ஈரம். நுண்வித்துகள் எல்லா வீட்டுக் காற்றிலும் எப்போதும் மிதந்துகொண்டிருக்கின்றன. அவற்றை முற்றிலும் ஒழிக்க முடியாது. உணவு என்பது பெயின்டில் உள்ள பிசின், காகிதம், மரம், தூசி, சோப்புப் படிவு என எதுவாகவும் இருக்கலாம். நாம் வாழும் வெப்பநிலையே அதற்கும் போதும். ஆக, நம் கையில் இருப்பது ஈரம் ஒன்றுதான். ஒரு பொருள் நனைந்தால் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலர்த்திவிட வேண்டும் என்று சொல்வதன் காரணம் இதுதான். அதற்குள் உலர்ந்துவிட்டால் பெரும்பாலும் பூஞ்சை காலூன்றுவதில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். பூஞ்சைக்குச் சுவரில் தண்ணீர் வழிய வேண்டியதில்லை. சுவரை ஒட்டியிருக்கும் காற்றின் ஈரப்பதம் நாள்கணக்கில் 80 சதவீதத்துக்கு மேல் நீடித்தாலே போதும். கையால் தொட்டுப் பார்த்து "காய்ந்துதானே இருக்கிறது" என்று முடிவு கட்டுவது பலரும் ஏமாறும் இடம்.

ஈரம் வீட்டுக்குள் வரும் வழிகள் அதிகமில்லை. காற்றில் உள்ள நீராவி குளிர்ந்த பரப்பில் படிவது ஒன்று. மழைநீர் கூரை, விரிசல், ஜன்னல் ஓரம் வழியாக ஊடுருவுவது இரண்டாவது. குழாய், கழிவுநீர்ப் பாதை, குளியலறைத் தரை ஆகியவற்றின் கசிவு மூன்றாவது. மண்ணிலிருந்து அடித்தளம் வழியாகச் சுவரில் ஏறும் ஓதம் நான்காவது. புதிதாகக் கட்டிய வீடு என்றால் ஐந்தாவதாக ஒன்று உண்டு: காங்கிரீட்டிலும் பூச்சிலும் கலந்த தண்ணீரே வெளியேறப் பல மாதங்கள் ஆகும். அதற்குக் காற்றோட்டமும் பொறுமையும் தவிர வேறு மருந்தில்லை.

எது என்று அறிய, ஈரம் எங்கே, எப்போது தோன்றுகிறது என்று பாருங்கள். மழை பெய்த ஓரிரு நாளில் கறை பெரிதாகிறதா? அப்படியானால் வெளியிலிருந்து ஊடுருவல். மழை, வெயில் எதையும் பொருட்படுத்தாமல் ஒரே அளவில் ஈரமாக இருக்கிறதா? குழாய்க் கசிவைச் சந்தேகியுங்கள். மூலைகளிலும், ஜன்னல் சட்டத்தைச் சுற்றியும், அலமாரிக்குப் பின்னாலும், விளிம்பு தெளிவில்லாத புள்ளிக் கூட்டமாகப் பூஞ்சை இருக்கிறதா? அது காற்றின் நீராவி. தரையிலிருந்து சுமார் ஒரு மீட்டர் உயரம் வரை ஒரு பட்டையாக ஈரம், அதன் மேல் விளிம்பில் வெள்ளை உப்பு, பூச்சு உதிர்தல், ஆனால் கரும்பூஞ்சை அதிகமில்லை என்றால் தரை ஓதம். உப்பு மிகுந்த சுவரைப் பூஞ்சை அவ்வளவாக விரும்புவதில்லை. பூஞ்சையும் உப்பும் ஒரே இடத்தில் தழைப்பது அரிது என்பது நல்ல துப்பு.

சந்தேகம் இருந்தால் ஓர் எளிய சோதனை. சுவரின் மேற்பரப்பை மின்விசிறியாலோ முடி உலர்த்தியாலோ காயவைத்து, ஓர் அடி சதுர அலுமினியத் தாளை நான்கு விளிம்பிலும் காற்றுப் புகாமல் ஒட்டுநாடாவால் ஒட்டி, ஒன்றிரண்டு நாள் விட்டுவிடுங்கள். தாளின் அறைப்பக்கம் நீர்த்துளிகள் இருந்தால் ஈரம் காற்றிலிருந்து வருகிறது. பிரித்துப் பார்க்கும்போது சுவர்ப்பக்கம் நனைந்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. குழாய்க் கசிவுக்கு வேறு சோதனை: வீட்டில் உள்ள எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டரின் அளவைக் குறித்துவைத்து, ஓரிரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். முள் நகர்ந்திருந்தால் எங்கோ கசிகிறது. கழிவுநீர்க் குழாயின் கசிவு மீட்டரில் தெரியாது. அதற்குக் குளியலறையின் வடிகாலை அடைத்துத் தரையில் சற்றுத் தண்ணீர் தேக்கி, அடுத்த அறைச் சுவரிலும் கீழ்த்தளக் கூரையிலும் ஈரம் வருகிறதா என்று பார்ப்பார்கள்.

இனி உங்கள் படுக்கையறைக்கு வருகிறேன். பெரும்பாலான வீடுகளின் பூஞ்சை இந்த வகைதான், அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான்.

காற்று சூடாக இருந்தால் அதிக நீராவியைத் தாங்கும், குளிர்ந்தால் குறைவாகத் தாங்கும். ஒரு கன மீட்டர் காற்று 30 டிகிரி செல்சியஸில் சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 டிகிரியில் 17 கிராம், 10 டிகிரியில் 9 கிராம். அறையின் நடுவே காற்று 20 டிகிரி, ஈரப்பதம் 65 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஈரப்பதமானியைப் பார்ப்பவருக்கு அது பெரிய அபாயமாகத் தோன்றாது. ஆனால் வெளிச்சுவர்கள் இரண்டு சேரும் மூலை 14 டிகிரிக்குக் குளிர்ந்திருந்தால், அந்த மூலையை ஒட்டிய காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 95 சதவீதம். அங்கே ஒரு துளி நீரும் கண்ணில் படாது, பூஞ்சை மட்டும் படரும். காங்கிரீட் தூணும் உத்தரமும் செங்கல்லைவிட எளிதாகக் குளிர்வதால், சில வீடுகளில் தூண் போகும் கோட்டிலேயே பூஞ்சை வரிசையாக இருப்பதைப் பார்க்கலாம். அலமாரிக்குப் பின்னாலும் இதே கதைதான். அறையின் வெதுவெதுப்பு அந்தச் சுவரை எட்டுவதில்லை, காற்றும் நகர்வதில்லை.

இந்த நீராவி எங்கிருந்து வருகிறது? நம்மிடமிருந்துதான். கதவை மூடிக்கொண்டு இருவர் இரவு முழுவதும் உறங்கினால், மூச்சிலும் வியர்வையிலும் அரை லிட்டர் அளவுக்கு நீர் அறைக்காற்றில் சேர்ந்துவிடும். ஒரு முறை துவைத்த துணிகளை வீட்டுக்குள் காயப்போட்டால் சுமார் இரண்டு லிட்டர். சமையல் எரிவாயு ஒரு கிலோ எரியும்போது, பாத்திரத்திலிருந்து வரும் ஆவியைத் தவிர, எரிவாயுவிலுள்ள ஹைட்ரஜன் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்தே சுமார் 1.6 கிலோ நீராவி உண்டாகிறது. பலரும் அறியாத செய்தி இது. சமையலறையில் புகைபோக்கி இல்லாத சின்ன வீடுகளில் படுக்கையறைச் சுவர் ஏன் வேர்க்கிறது என்பதற்கு இதுவே பல நேரம் விடை. நீராவி தான் பிறந்த அறையிலேயே தங்குவதில்லை. வீட்டிலேயே மிகக் குளிர்ந்த மூலையைத் தேடிப்போய்ப் படிகிறது.

ஆகவே உருவாகும் இடத்திலேயே அதைப் பிடித்து வெளியேற்றுங்கள். சமைக்கும்போதும் குளிக்கும்போதும் அந்த அறையின் கதவை மூடி, வெளியேற்றும் மின்விசிறியைப் போடுங்கள். குளித்து முடித்த பின்னும் 15 அல்லது 20 நிமிடம் ஓடட்டும். கதவின் அடியில் விரலளவு இடைவெளி இருக்க வேண்டும். உள்ளே வரக் காற்றுக்கு வழியில்லாவிட்டால் மின்விசிறி வெறுமனே சுழலும், எதையும் வெளியேற்றாது. அந்த விசிறியின் குழாய் பொய்க்கூரைக்குள் முடிகிறதா, வெளியே போகிறதா என்று ஒருமுறை ஏறிப் பார்த்துவிடுங்கள். பொய்க்கூரைக்குள் முடிந்தால் நீராவி முழுவதும் உங்கள் தலைக்கு மேலேயே சேர்கிறது.

"ஜன்னலைத் திறந்து வையுங்கள்" என்று எல்லோரும் சொல்வார்கள். இந்த அறிவுரை பாதிதான் சரி. வெளியே குளிராக இருக்கும்போது அது நூறு சதவீதம் சரி, மழை தூறிக்கொண்டிருந்தாலும்கூட. 5 டிகிரியில் முழு ஈரமாக இருக்கும் காற்று, வீட்டுக்குள் வந்து 20 டிகிரிக்குச் சூடானதும் 40 சதவீதத்துக்கும் குறைவான ஈரப்பதம் கொண்ட உலர்ந்த காற்றாகிவிடுகிறது. ஆனால் வெளியே 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள நாளில், ஏசி ஓடும் அறையின் ஜன்னலைத் திறந்தால் நடப்பது நேரெதிர். அந்தக் காற்றிலுள்ள நீராவி 26 டிகிரிக்குக் கீழே உள்ள எந்தப் பரப்பிலும் நீராகப் படியும். 24 டிகிரிக்குக் குளிர்ந்த சுவர், அலமாரி, துணி எல்லாமே நனையும். வெப்பமும் ஈரமும் மிகுந்த பருவத்தில் ஏசி அறையை மூடியே வையுங்கள். ஏசி இல்லாத வீட்டில், உள்ளும் வெளியும் ஏறத்தாழ ஒரே வெப்பநிலையில் இருப்பதால், காற்று நன்றாக ஓடும்படி திறந்து வைப்பதும் மின்விசிறியும் உதவும். ஏசி வாங்கும்போது அறைக்குத் தேவையானதைவிடப் பெரியதை வாங்காதீர்கள். அது அறையைச் சட்டென்று குளிர்வித்துவிட்டு நின்றுவிடும், ஈரத்தை இழுக்க நேரமிருக்காது.

ஓர் ஈரப்பதமானி வாங்கிப் படுக்கையறையில் வையுங்கள். இந்த விஷயத்தில் நீங்கள் செலவு செய்யும் முதல் பணம் அதற்காக இருக்கட்டும். 30 முதல் 50 சதவீதம் நல்லது, 60ஐத் தாண்டி நீடிக்கக் கூடாது. காற்றோட்டத்தால் மட்டும் அங்கே கொண்டுவர முடியாவிட்டால் ஈரம் உறிஞ்சும் கருவி வேண்டும். கம்ப்ரசர் வகை வெப்பமான இடத்துக்கு ஏற்றது, 15 டிகிரிக்குக் கீழே அதன் திறன் வெகுவாகக் குறைந்துவிடும். குளிர்ந்த அறைக்கு உறிஞ்சுபொருள் கொண்ட சுழல்தட்டு வகைதான் சரி. கால்சியம் குளோரைடு நிரப்பிய சிறு டப்பாக்கள் மூடிய அலமாரிக்கு உதவும், ஓர் அறையை உலர்த்தும் சக்தி அவற்றுக்கு இல்லை. அலமாரியை வெளிச்சுவரிலிருந்து உள்சுவருக்கு மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். முடியாவிட்டால் குறைந்தது 5 முதல் 10 சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள். இத்தனைக்குப் பிறகும் அந்த மூலை வேர்த்தால், அந்தச் சுவருக்கு வெப்பக்காப்பு தேவை, முடிந்தால் வெளிப்புறத்தில். உள்ளே அரைகுறையாக ஒட்டும் பலகைகளுக்குப் பின்னால் சுவர் இன்னும் குளிர்ந்து, கண்ணுக்குத் தெரியாமல் பூஞ்சை வளர்ந்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

கூடத்துச் சுவருக்கு வருவோம். "தரையிலிருந்து ஓதம் ஏறுகிறது, துளையிட்டு மருந்து செலுத்த வேண்டும்" என்று பார்த்தவுடன் சொல்பவரிடம் சற்று எச்சரிக்கையாக இருங்கள். அவர் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அதே இடத்தில் அதே அடையாளத்தைக் காட்டும் எளிய காரணங்கள் பல உண்டு. முதலில் வெளியே போய்ப் பாருங்கள். சுவரை ஒட்டி மண் குவிந்தோ, தளம் போட்டோ வெளித்தரை உயர்ந்திருக்கிறதா? அடித்தளத்துக்கு மேல் இடப்பட்டிருக்கும் ஓதத் தடுப்புப் படலத்தைவிட வெளித்தரை 15 சென்டிமீட்டராவது தாழ்ந்திருக்க வேண்டும். மண் அதற்கு மேலே ஏறிவிட்டால் படலம் இருந்தும் பயனில்லை. மழைநீர்க் குழாய் அந்தச் சுவர் அருகே கொட்டுகிறதா? செடிக்கு ஊற்றும் தண்ணீர், உடைந்த வடிகால், சுவருக்கு மறுபுறம் குளியலறை? மண்வெட்டியால் தீரும் பிரச்சினைக்குப் பெரும் பணம் செலவழித்தவர்கள் பலர்.

இவையெல்லாம் இல்லை, படலமே இல்லாத பழைய சுவர் அல்லது படலம் கெட்டுவிட்டது என்று உறுதியானால் மருந்து செலுத்துவது சரியான வழிதான். சுவரின் அடியில் வரிசையாகத் துளையிட்டு, நீரை விலக்கும் சிலேன், சிலாக்சேன் வகைக் கூழைச் செலுத்துவார்கள். அதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. மண்ணிலிருந்து ஏறிய நைட்ரேட், குளோரைடு உப்புகள் பூச்சில் தங்கியிருக்கும். அவை காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும். எனவே ஓதம் நின்ற பிறகும் சுவர் நனைந்ததுபோலவே தெரியும், மருந்து பலிக்கவில்லை என்று நினைத்துவிடுவோம். ஈரம் தெரியும் உயரத்துக்கு மேலும் ஓர் அடி வரை பழைய பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, உப்பைத் தாங்கும் பூச்சைப் புதிதாகப் பூச வேண்டும். சுவரில் பூத்த உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள். கரைந்து மறுபடியும் உள்ளே போகும். உலர்ந்த தூரிகையால் தட்டி எடுத்து அப்புறப்படுத்துங்கள்.

உள்பக்கம் "வாட்டர்ப்ரூஃப்" பெயின்டோ சிமென்ட் பூச்சோ போட்டு ஓதத்தை அடைத்துவிடலாம் என்ற யோசனையை விட்டுவிடுங்கள். சுவருக்குள் இருக்கும் நீர் ஆவியாக வழி தேடும். முன்பக்கம் அடைபட்டால் இன்னும் மேலே ஏறி, அடைப்பு முடியும் இடத்தில் வெளிவரும். ஆவியாகும் இடத்தில் உப்பு படிகமாகி விரிவடைந்து, பெயின்டையும் பூச்சையும் பெயர்த்துத் தள்ளும். சுண்ணாம்புக் காரை கொண்டு கட்டிய பழைய வீடுகளில் இது கண்கூடு. நூறாண்டு நன்றாக இருந்த சுவரைச் சிமென்ட் பூசி, எண்ணெய் பெயின்ட் அடித்துச் சில ஆண்டுகளில் கெடுத்துவிடுவது மனதை வருத்தும் காட்சி. அந்தச் சுவர்களுக்குச் சுண்ணாம்புப் பூச்சும் சுண்ணாம்பு வெள்ளையடிப்பும்தான் தகும்.

மழைநீர் ஊடுருவலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஓட்டையை வெளிப்பக்கத்திலிருந்து அடைக்க வேண்டும், உள்பக்கத்திலிருந்து அல்ல. கூரையின் வடிகால் வாய், கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் கோணம், ஜன்னலுக்கு மேல் உள்ள விரிசல் ஆகிய மூன்றையும் முதலில் பாருங்கள். கறை தெரியும் இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை இருக்கும் என்று நம்பாதீர்கள். காங்கிரீட் தளத்துக்குள் நீர் பல அடி தூரம் ஓடிவிட்டுத்தான் கீழே சொட்டும். விளக்கு, மின்பெட்டி அருகே கசிந்தால் அந்த இணைப்பின் மின்சாரத்தை நிறுத்திவிட்டு மின்பணியாளரை அழையுங்கள்.

ஈரத்தின் வழியை அடைத்த பிறகு, அல்லது அடைக்கும் வேலையோடு சேர்த்து, பூஞ்சையைச் சுத்தம் செய்யுங்கள். பரப்பு சுமார் ஒரு சதுர மீட்டருக்குள் என்றால் நீங்களே செய்யலாம். அதைவிட அதிகம் என்றால், அல்லது கழிவுநீர் கலந்த ஈரம் என்றால், பயிற்சி பெற்றவர்களிடம் விடுங்கள். என்95 முகக்கவசம், கையுறை, காற்றோட்டத் துளையில்லாத கண்ணாடி மூன்றும் வேண்டும். அறைக்கதவை மூடி, ஜன்னலைத் திறந்து, மின்விசிறியை நிறுத்துங்கள். உலர்ந்த பூஞ்சையைத் தேய்க்கவோ பெருக்கவோ கூடாது. சாதாரண வேக்குவம் கிளீனரும் வேண்டாம், நுண்வித்துகளை அறை முழுவதும் ஊதிவிடும். முதலில் லேசாக நனைத்து, சோப்புத் தூள் கலந்த தண்ணீரில் துணியைத் தோய்த்துத் துடையுங்கள். துடைத்த துணியைப் பையில் கட்டி எறிந்துவிட்டு, இடத்தை நன்றாக உலர்த்துங்கள்.

ப்ளீச் போட்டதாகச் சொல்லியிருந்தீர்கள். கண்ணாடி, டைல்ஸ் போன்ற நீர் இழுக்காத பரப்பில் அது வேலை செய்யும். பூச்சு, மரம் போன்றவற்றில் குளோரின் மேலே நின்றுவிட, அதில் உள்ள தண்ணீர் மட்டும் உள்ளே இறங்குகிறது. கறை வெளுக்கும், வேர் இருக்கும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் பூஞ்சைக்கு ப்ளீச்சை வழக்கமாகப் பயன்படுத்தப் பரிந்துரைப்பதில்லை. செத்த பூஞ்சையும் ஒவ்வாமை உண்டாக்கும் என்பதால், கொல்வதைவிட அகற்றுவதே முக்கியம். எக்காரணம் கொண்டும் ப்ளீச்சை வினிகருடனோ, கழிப்பறை அமிலத்துடனோ, அமோனியா கலந்த திரவத்துடனோ சேர்க்காதீர்கள். அப்போது எழும் நச்சு வாயு நுரையீரலைப் புண்ணாக்கும்.

துவைக்கக்கூடிய துணிகளைச் சுடுநீரில் துவைத்து வெயிலில் காயவையுங்கள். பூஞ்சை பிடித்த மெத்தையும், ஊறி உப்பிய மரத்தூள் பலகையும், ஜிப்சம் பலகையும் தப்பாது. எறிந்துவிடுவதே நல்லது.

"கரும்பூஞ்சை நச்சு" என்ற பயம் பற்றியும் ஒரு வார்த்தை. 1990களில் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் கைக்குழந்தைகளுக்கு நுரையீரலில் ரத்தக்கசிவு ஏற்பட்டபோது, ஸ்டாக்கிபாட்ரிஸ் என்ற கரிய பூஞ்சையோடு அது தொடர்புபடுத்தப்பட்டது. அந்நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் மறு ஆய்வு செய்து, அந்தத் தொடர்பு நிரூபிக்கப்படவில்லை என்று 2000ஆம் ஆண்டில் அறிவித்தது. நிறத்தை வைத்து எந்த வகை என்று சொல்ல முடியாது, கருப்பாக வளரும் சாதாரண வகைகள் நிறைய உண்டு. ஆய்வகச் சோதனைக்குச் செலவிட வேண்டாம். எந்த வகையானாலும் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான். அதற்காக அலட்சியமும் கூடாது. ஈரமும் பூஞ்சையும் உள்ள வீடுகளில் வசிப்பவர்களுக்கு ஆஸ்துமா, இருமல், மூச்சிரைப்பு, சுவாசத் தொற்று ஆகியவை அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டி தெளிவாகச் சொல்கிறது. குழந்தைகளையும் ஆஸ்துமா உள்ளவர்களையும் அந்த அறையில் படுக்கவைக்காதீர்கள். புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள், உறுப்பு மாற்றம் செய்துகொண்டவர்கள் சுத்தம் செய்யும் வேலையில் கைவைக்கவே கூடாது. வீட்டில் இருமல், வெளியூர் போனால் சரியாகிறது என்ற நிலை இருந்தால் மருத்துவரிடம் வீட்டு ஈரத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பெயின்ட் கடைசி வேலை. செங்கல் சுவர் உலர, அதன் கனத்தில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் ஏறக்குறைய ஒரு மாதம் என்று கணக்கு வைத்துக்கொள்வார்கள். ஒன்பது அங்குலச் சுவர் முழுவதும் ஊறியிருந்தால் முக்கால் ஆண்டுகூட ஆகலாம். அதுவரை காத்திருப்பது கஷ்டம்தான், அறை பார்க்க நன்றாக இருக்காது. ஆனாலும் காத்திருங்கள். ஈரக்கறையின் விளிம்பைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதிவையுங்கள். மாதம் ஒருமுறை புதுக்கோடு போடுங்கள். கறை கோட்டுக்குள் சுருங்கிக்கொண்டே வந்தால் வழி அடைபட்டுவிட்டது, உலர்ந்ததும் ஆவியை வெளிவிடும் வகை பெயின்டை அடித்துக்கொள்ளலாம். இரண்டு மாதமாகியும் கோடு அசையாமல் இருந்தால், அல்லது கறை கோட்டைத் தாண்டினால், அந்தச் சுவருக்குள் போகும் குழாய்களை அழுத்தச் சோதனை செய்யச் சொல்லுங்கள்.